முட்டை லாச்சியில் உன் கையெழுத்து

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
2.11.1997

அன்பு மகள் தவமணிக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஊர்க் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். தீபாவளி மழையோடு வந்து மழையோடு போனது. நாவலப்பிட்டியிலிருந்து உன் தம்பி ராஜலிங்கம் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் நின்றான், ரயில்வேயில் அதற்குமேல் லீவு இல்லையாம், போகும்போது அம்மா சுட்ட முறுக்கில் நல்லதாகப் பார்த்துப் பாதியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், மிச்சம் கல்லாக இருக்கிறது, அதை நான்தான் பிளேன்டீயில் நனைத்து நனைத்துத் தின்று தீர்க்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. நீ அனுப்பிய களிம்பைப் பூசச் சொன்னால், பூசினால் தீர்ந்துவிடும் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

டெலிபோன் இருக்கும்போது அப்பா ஏன் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். நம் முஹைதீனின் கொமியூனிகேஷன் கடைக்கு இந்த மூன்று கிழமையில் மூன்று தடவை போனேன் மகளே. மூன்று தடவையும் நீதான் எடுத்தாய். மூன்று தடவையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வைத்துவிட்டேன். கடைசித் தடவை முஹைதீன் சிரித்துக்கொண்டே, வெள்ளைக்காரன் ஊர் மழையக் கேக்கிறதுக்கா ஐயா இந்த வயசுல மேடேறி வாறீங்க, அத ரேடியோவுல சொல்லுவாங்களே என்றான். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் நிலையப் பக்கமாக நடந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நீ இதைத் தனியாக இருக்கும்போது படி. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பிரித்திருந்தால் மூடிவைத்துவிட்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படி.

விஷயம் பள்ளிக்கூடத்து முட்டைகளைப் பற்றியது. நீ ஆகஸ்டில் வந்து அளந்துவிட்டுப் போனாயே, அந்தப் பறவை முட்டைகள். இந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதி பழைய ஹொஸ்டல் மண்டபத்தில் பாரம்பரியக் கூடம் என்று ஒன்றைத் திறக்கப்போகிறார்கள். ஒற்றைக் கண்ணாடிக் கண்ணோடு நிற்கிற சிறுத்தை, ஸ்பிரிட்டில் ஊறுகிற பாம்புகள், ஊசி குத்தின வண்ணத்துப்பூச்சிகள், பெயர் ஒட்டின கற்கள், அந்த நாளைய பித்தளைத் தொலைநோக்கி, வெள்ளைக்கார மாஸ்டர் காய்ந்த இலைகளை ஒட்டிவைத்த பெரிய தாள்கள், எல்லாம் கண்ணாடிக்குள் போகின்றன. அழைப்பிதழ் அடித்து வந்துவிட்டது. அதில் முப்பத்தொரு வருடம் இவற்றைக் கண்ணைப்போல் காத்த ஆய்வுகூட உதவியாளர் திரு. கறுப்பையாவுக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்று போட்டிருக்கிறார்கள். அதை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் எடுத்துப் பழைய பேப்பருக்கு அடியில் சொருகினேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

உனக்கு என்னைத் தெரியும். தூசி கண்டால் எனக்குப் பொறுக்காது. இவர் கண்ணில் பட்டால் பெரஹராவுக்குப் போகிற யானையையும் நிறுத்தித் துடைத்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். லாப்பில் சேர்ந்த வருடத்திலிருந்து சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, மைக்ராஸ்கோப், தராசு, பேர்னர், அந்த எலும்புக்கூடு உட்பட ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். பளீல் மாஸ்டர் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், தொழுகை தவறாதவர், அவர் அதை ஒருநாளும் தடுத்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்வார். எல்லாத்தையும் தொடச்சி வைங்க கறுப்பையா, அந்த முட்டை அலுமாரிய மட்டும் தொறக்க வாணாம். பதினொரு வருடம் நான் திறக்கவில்லை. இழுத்துத் திறக்கிற நாலு லாச்சி, பஞ்சு மெத்தையில் நூற்றெண்பத்துநாலு முட்டை. வெள்ளைக்கார மாஸ்டர் தொடங்கினது, அவருக்குப் பிறகு, முட்டை எடுக்கக்கூடாது என்று ஆகும்வரை பளீல் மாஸ்டர் சேர்த்தது. ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் பொடி எழுத்தில் ஒரு நம்பர். சிவப்புப் புத்தகத்தில் அந்த நம்பருக்கு நேரே என்ன பறவை, எந்த மலை, எந்த வருடம் என்று இருக்கும். அந்த நம்பர் இல்லாவிட்டால் முட்டை வெறும் ஓடு என்று மாஸ்டர் பிள்ளைகளுக்குச் சொல்வதை நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கேட்காதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

அறுபத்தொன்பதாம் வருடம் நீ ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினாய். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் பிறந்த, தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவன் மகன் நான், என் பிள்ளை கண்டியில் முதல் பிள்ளைகளுக்குள் வந்துவிட்டாள் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே சரஸ்வதிக்கு நேர்ந்திருந்தேன். இந்த முறை லாப்பில் ஒரு பொருளைக்கூட விடாமல் சுத்தம் செய்து உன் காலடியில் வைக்கிறேன் என்று. நேர்ந்தபோது முட்டை அலுமாரி ஞாபகம் வரவில்லை, பூஜைக்கு முதல்நாள்தான் வந்தது. மாஸ்டர் மடவளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாமிக்குச் சொன்ன வார்த்தையா மாஸ்டருக்குக் கொடுத்த வார்த்தையா என்று கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு திறந்தேன். எனாமல் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, சவர்க்காரத்தைக் கரைத்து, முதல் லாச்சி முட்டைகளை மெதுவாக அதில் விட்டேன். உள்ளே ஊதி எடுத்த வெறும் ஓடல்லவா, எல்லாம் மிதந்தன. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்பாக மாறியது. எவ்வளவு அழுக்கு போகிறது பார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீரை மாற்றி இரண்டாவது லாச்சி, மூன்றாவது லாச்சி. நாலாவது மழை ஈரத்துக்கு ஊதி இறுகிக்கிடந்தது, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, அதை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். துவாயில் பரப்பிக் காயவைத்து, மைனா முட்டை நீலமாக மினுங்குவதை ரசித்துப் பார்த்துவிட்டு, திருப்பி வைக்கலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் கண்டேன். ஒன்றிலும் நம்பர் இல்லை. பேசினில் பழுப்பாகக் கரைந்து போனது மை.

அந்த நேரமே மாஸ்டரைத் தேடி மடவளைக்கு பஸ் ஏறியிருக்கவேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா, சிவப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எது எந்தப் பறவையின் முட்டை என்று எனக்குத் தெரியும், பதினொரு வருடம் மாஸ்டர் பாடத்துக்கு லாச்சியை இழுத்துக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த கண், அதில் பிழை விட்டிருக்கமாட்டேன். ஆனால் மைனா முட்டை மட்டும் இருபத்தாறு. புத்தகத்தில் ஒன்று ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று, ஒன்று முப்பத்துநாலு, ஒன்று ஐம்பத்தாறு. எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. பருந்தும் அப்படித்தான், வல்லூறும் அப்படித்தான். எது பழசு எது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், சிலது கனமாக இருந்தது, சிலது இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி இலேசாக இருந்தது. எங்கள் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி புதிதில் விரல் கனம் இருக்கும், வருடம் போகப் போகத் தீட்டித் தீட்டித் தகடாகிவிடும். எல்லாப் பொருளும் அப்படித்தானே என்று நினைத்தேன். பழசு என்றால் மெலிந்திருக்கும். அதனால் இலேசானதையெல்லாம் பழைய வருடத்துக்கும் கனமானதையெல்லாம் பிந்திய வருடத்துக்கும் என்று வரிசையாக அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது, இவ்வளவு புத்தியாகச் செய்துவிட்டேனே என்று ஒரு திருப்திகூட வந்தது. 

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். என் எழுத்து கோணல், அதோடு மாஸ்டருக்கு அது தெரியும். உன் எழுத்து அச்சு மாதிரி. பூஜை முடிந்த பின்னேரம் நீ புதுச் சட்டையோடு லாப் ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, மெல்லிய நிப் போட்ட பேனையால், நான் சொல்லச் சொல்ல எழுதினாய். நம்பரெல்லாம் மங்கிப்போய்விட்டது, பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், நீ மேலே எழுது என்று உன்னிடம் சொன்னேன். கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த வெளிநாட்டு சிஸ்டரிடமிருந்து நீ பழகிய ஏழு, நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டு எழுதுவாய், ஒரு முட்டையைக்கூட உடைக்கவில்லை. முடிந்ததும் தின்ன ஒரு பணிஸ் வாங்கித் தந்தேன். சாமிக்குச் செய்த காரியம், வெளியில் சொன்னால் பலிக்காது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். என் பயத்துக்குச் சரஸ்வதியைக் காவல் வைத்தேன், பதினொரு வயதுப் பிள்ளையின் வாயைச் சாமி பெயரால் கட்டினேன். நான் செய்ததிலேயே இதுதான் கேவலம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதைவிடக் கேவலம் பிறகு செய்தேன், சொல்கிறேன்.

திங்கட்கிழமை பளீல் மாஸ்டர் வந்தார். கல்யாண வீட்டு வட்டிலப்பம் ஒரு பார்சல் உனக்கென்று கொண்டுவந்திருந்தார். என்னமோ தேடி இரண்டாவது லாச்சியை இழுத்தவர் அப்படியே நின்றார். முட்டையெல்லாம் பளிச்சென்டு இருக்கே கறுப்பையா என்றார். காய்ந்த பிரஷால் தூசி தட்டினேன் சேர் என்றேன். நம்பர்களக் கழுவி எடுத்து மாத்தி எழுதல்லையே என்று கேட்டார். இல்லைங்க சேர் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், லாச்சியை மூடினார். அந்தக் காலத்தில் நமக்குப் பிரஜாவுரிமை இல்லை, உனக்குத் தெரியும், வேலை போனால் குவார்ட்டஸ் போகும், குவார்ட்டஸ் போனால் அடுத்தது இந்தியாவுக்குக் கப்பல்தான் என்று பயந்து செத்த காலம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த மனிதர் என்னைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கமாட்டார். அவர் மௌத்தாகி அடக்கம் செய்த அன்று மடவளைக்குப் போய்த் தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன், அன்றைக்கும் அதுதான் நினைவு.

சரி, இருபத்தெட்டு வருடம் போய்விட்டது, முட்டை கண்ணாடிக்குள் கிடக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மறந்தமாதிரி இருந்தேன். நீ வந்தாய். சின்னத் தராசும் அளவுகோலும் கொண்டுவந்து, எந்த லாப்பில் நான் உடைந்து கொட்டின கண்ணாடியைக் கூட்டினேனோ அதே லாப்பில், எல்லோரும் மிஸ் மிஸ் என்று சுற்றிவர, நாலு நாள் உட்கார்ந்து அளந்தாய். ஒவ்வொரு முட்டையையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஒரு மைனா முட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். அப்பா, இந்த ஏழு நான் எழுதினது என்றாய். ஆமாம்மா என்றேன். பிறகு பேனையை வைத்துவிட்டு, மங்கின நம்பரப் பாத்துத்தானே அன்னைக்கு நீங்க சொன்னீங்க என்று கேட்டாய். அது அளக்கிறவள் கேட்கவேண்டிய கேள்வி, சரியான கேள்வி. இப்போது எனக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, என்னைக் கப்பலேற்ற யாரும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நீ என்னை எப்படிப் பார்த்தாய் என்றால், இதையெல்லாம் காப்பாற்றியது எங்கள் அப்பா என்கிற மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வையை இழக்க மனம் வரவில்லை. ஆமா, பாத்துத்தான் சொன்னேன் என்றேன். நீ உடனே அடுத்த முட்டைக்குக் கையை நீட்டினாய், நான் எடுத்துத் தந்தேன். முதல் பொய்க்குப் பயம் காரணம். இதற்கு என்ன காரணம் சொல்வேன், அறுபத்தெட்டு வயதில் வெறும் ஆசை.

அப்போதும் இது உன்னை எங்கே கொண்டுபோய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை. போன மாதம் நீ போனில் சொன்னபோதுதான் விளங்கியது. மற்ற நாடுகளிலெல்லாம் பூச்சிமருந்து வந்த பிறகு இட்ட முட்டைகள் ஓடு மெலிந்திருக்கின்றன, நம் மலைநாட்டில் மட்டும் தலைகீழாக இருக்கிறது அப்பா, பழைய முட்டைகள்தான் மெல்லிசு, பிந்தியவை கனம், இங்கே யாருமே நம்பவில்லை, மார்ச் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன் என்றாய். நாலாவது லாச்சி மட்டும் ஒத்துவரவில்லை, ஈரத்தில் கெட்டிருக்கும், அதை விட்டுவிடலாம் என்று புரொபசர் சொல்கிறார் என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டு, அப்பா, அந்தப் பழைய சத்தியம் இன்னும் இருக்கா, எழுதினது நான்தான்னு அவர்கிட்ட சொல்லட்டுமா என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டாய். வேண்டாம் என்றேன். 

உன் பெரியப்பா வீரையா இருபது வருடம் ஹந்தானையில் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடித்தவர். கடைசியில் இரண்டு படி ஏற மூச்சு இல்லாமல் கிடந்தார். அவருக்காகத்தான் நீ இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினாய் என்று எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லாவிட்டாலும் தெரியும். இப்போது நம் மலையில் அடித்த மருந்தால் ஒரு குருவிக்குக்கூடக் கேடு வரவில்லை என்று உலகத்துக்குச் சொல்லப்போவது அவர் தம்பி மகள். அதற்குச் சாட்சி நான் கையில் நிறுத்துப் பார்த்து அடுக்கின பொய். நீ கண்டுபிடித்தது பறவையைப் பற்றியதில்லை மகளே, என் கவ்வாத்துக் கத்திக் கணக்கைப் பற்றியது. நாளைக்கு யாராவது தோண்டிப் பார்த்தால் தலை குனிவது நீ, நான் அல்ல. 

அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே, மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாட்டி கடுதாசியில சொல்லுங்க, ஆனா மழுப்பாம சொல்லுங்க என்றாள். முந்தாநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், இப்போது அந்தப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருக்கிற மஸீனா டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். உனக்கு அளக்க உதவினாரே, அவர்தான். முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய் முதல் மூன்று லாச்சியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. நீங்க இப்ப சொன்னத அப்புடியே ஒரு தாள்ல எழுதித் தாங்க ஐயா, முட்டையோட வெச்சிருவோம் என்றார். அதிபர் காதில் விழுந்ததும், விழா முடியட்டும், இப்போது எதற்கு, பார்க்கிற சனத்துக்கு முட்டை முட்டைதானே என்றாராம். டீச்சர் சம்மதிக்கவில்லை. நானும் பொன்னாடை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். லாப் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அந்தத் தாளைத் தமிழில் எழுதினேன், என்ன வருடம், என்ன நாள், எந்த லாச்சி, எப்படிக் கழுவினேன், எப்படி அடுக்கினேன் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். உன் பெயரைப் போடவில்லை, என் மகள் என்றும் போடவில்லை. எழுதியது ஒரு சிறுபிள்ளை, அதற்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் போட்டிருக்கிறேன். அதன் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், புரொபசருக்குக் காட்டு. அவர் உன்னைக் கோபித்தால் என்னைக் கூப்பிடச் சொல், முஹைதீன் கடை நம்பர் உன்னிடம் இருக்கிறது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்கிறேன்.

இனி நீ என்ன செய்யவேண்டும் என்பதை ஒழுங்காகக் கேள். முதல் மூன்று லாச்சியில் உன் கையெழுத்து இருக்கிற ஒரு முட்டையையும் நம்பாதே. கறுப்பு மையில் நிமிர்ந்து நிற்கிற எழுத்தெல்லாம் உன்னுடையது, குறுக்குக்கோடு போட்ட ஏழு கண்டால் நிச்சயமாக உன்னுடையது. நாலாவது லாச்சியை மட்டும் விட்டுவிடாதே. அது ஈரத்தில் கெடவில்லை, ஈரத்தில் இறுகியதால்தான் என் கையிலிருந்து தப்பியது. அதில் இருக்கிற நாற்பத்தேழு முட்டையிலும் பழுப்பு மையில் சாய்ந்து கிடக்கிற எழுத்து, எழுதவேண்டியவர்கள் எழுதியது. அது மற்ற மூன்றோடும் ஒத்துவரவில்லை என்றாயே, ஒத்துவராதுதான். அவ்வளவு சின்னக் கணக்கை வைத்து ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கமுடியுமா என்று எனக்குத் தெரியாது. நாலு வருட வேலை இல்லையென்று போய்விடுமா என்றும் தெரியாது. போனால் அதுவும் நான் செய்ததுதான். என்னை மன்னி என்று கேட்க இப்போது எனக்கு வாய் இல்லை. கோபம் தீர எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் அதற்காக அம்மாவோடு பேசாமல் இருந்துவிடாதே, அவள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் முஹைதீன் கடைக்குப் போக விடிகாலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பேரனுக்குக் காதைமூடித் தொப்பி போடாமல் வெளியில் அனுப்பாதே. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். ராத்திரி நெடுநேரம் கண்விழித்து வேலை செய்யாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அதனால் தலைவலி வரும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க நானும் அம்மாவும் அந்தப் பிள்ளையாரையும், எனக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்தாலும் சரஸ்வதியையும் வேண்டிக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அன்றைக்கு ஒரு பணிஸ் கொடுத்து உன்னிடம் வாங்கின சத்தியத்தை இன்றைக்கு நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபத்தெட்டு வருடம் நீ காத்தது என் பொய்யை. இனி யார் கேட்டாலும் சொல், கேட்காவிட்டாலும் எழுந்து நின்று சொல். எழுதியது நீ, எழுதச் சொன்னது உன் அப்பா, அவர் பார்த்துச் சொல்லவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. கறுப்பையா